எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன் போதுமாம். கை கழுவிட்டாங்களா?

முற்றத்துவெயில் | திங்கள், இரவு 10:42

வணக்கம். பல மாசமா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் கணக்கு தொடங்கினேன்.

அப்பாவுக்கு 71 வயசு. ப்ராஸ்டேட் புற்றுநோய், இப்ப எலும்புக்குப் பரவிடுச்சு. இடது இடுப்புலதான் வலி. படுத்தா புரள முடியல, நாற்காலியில உட்கார்ந்தபடியே தூங்குறார். நேத்து ரேடியேஷன் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேனைப் பார்த்துட்டு, "ஒரே தடவை, 8 கிரே, போதும்"னு சொல்லிட்டு அடுத்த ஃபைலை எடுத்துட்டார். (கிரேங்கறது கதிரோட அளவாம்.)

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே அப்பாவுக்கு ப்ராஸ்டேட்டுக்கு 20 நாள் கொடுத்தாங்க. அப்ப 20, இப்ப 1. அண்ணன் ராத்திரி கேட்டான், "ஒரே நாள்ல முடிச்சு அனுப்புறாங்கன்னா இனிமே செய்ய ஒண்ணும் இல்லைனு அர்த்தமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

கூடவே வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்காங்க. அம்மா அதை பீரோவுல புடவைக்கு அடியில வெச்சுட்டாங்க. "அதை ஆரம்பிச்சா கடைசிதான்"னு ஒரே பிடிவாதம். அப்புறம் அண்ணனோட குழந்தை, ரெண்டு வயசு, தாத்தா மடியை விட்டு இறங்காது. ரேடியேஷன் முடிஞ்சு வந்தா பக்கத்துல விடலாமா?

---

ஓய்வுபெற்ற_லீனாக் | திங்கள், இரவு 11:15

அம்மா, கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். 31 வருஷம் லீனாக்ங்கற ரேடியேஷன் மெஷின் பக்கத்துலயே நின்னவன் சொல்றேன்: குழந்தையை அன்னைக்கு சாயங்காலமே மடியில உட்கார வைக்கலாம். வெளியே இருந்து பாய்ச்சுற கதிர் இது. மெஷினை அணைச்ச அந்த நொடியே நின்னுடும். விளக்கை அணைச்ச பிறகு அறையில வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதே கதைதான். அவர் துணி, தட்டு, வேர்வை எதுலயும் ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வராது.

ஊசி மூலமா உடம்புக்குள்ள கதிரியக்க மருந்து ஏத்துற சிகிச்சை வேற. அதுக்கு விதிமுறை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய.

அன்னைக்கு என்ன நடக்கும்னு தெரிஞ்சா பயம் பாதி போயிடும். முதல்ல ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து இடத்தைக் குறிப்பாங்க. இடுப்புல ஊசிமுனை அளவுக்கு மூணு நாலு மைப் புள்ளி வைப்பாங்க. சுவர்ல இருந்து வர்ற மெல்லிய லேசர் கோடு அந்தப் புள்ளி மேல வந்து விழுற வரைக்கும் ஆளை அரை சென்டிமீட்டர் இப்படி, கால் சென்டிமீட்டர் அப்படினு நகர்த்துவாங்க. பெரும்பாலான நேரம் இதுலதான் போகும். கதிர் பாயறது ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம். சூடு தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும்.

ஒண்ணே ஒண்ணு மறக்காதீங்க. அந்தப் படுக்கை மெத்தை கிடையாது, பலகை. இடுப்பு வலிக்காரர் அதுல அசையாம கிடக்கணும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி, டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டு கூட்டிட்டுப் போங்க. வெறுமனே கூட்டிட்டு வந்து, பலகையில படுத்ததும் அலறி, பாதியில இறக்கி அனுப்பினவங்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்.

---

சந்தேகம்99 | செவ்வாய், காலை 7:03

வரிசையைக் குறைக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு சாக்குனுதான் எனக்குத் தோணுது. 10 தடவை, மொத்தம் 30 கிரே கொடுக்கறதுதான் பழைய முறை. 8 எங்கே, 30 எங்கே? கால்வாசி மருந்தைக் கொடுத்துட்டு அதே பலன்னு சொன்னா யார் நம்புவா?

அப்புறம் ஒரு விஷயம். கதிரியக்கத் துறையில வேலை செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. இந்தப் பெரியவருக்கு ஒரே நாள்ல 8 கிரே, அதாவது 8000 மில்லி. நானூறு மடங்கு! இதுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

---

இயற்பியல்_கிறுக்கன் | செவ்வாய், காலை 9:20

ரெண்டாவதை முதல்ல முடிச்சுடறேன், அது அலகுக் குழப்பம். 20 மில்லிசீவர்ட் என்பது முழு உடம்புக்கும் சேர்த்துப் போடும் கணக்கு. நீண்ட கால ஆபத்தை எடைபோட உருவாக்கின அலகு. 8 கிரே என்பது உள்ளங்கை அகல இடத்துல, அந்தத் திசு வாங்கிக்கிட்ட ஆற்றல். முழு உடம்புக்கும் 4 கிரே பட்டு சிகிச்சையும் கிடைக்கலைனா பாதிப் பேர் பிழைக்க மாட்டாங்க. அதே 4 கிரே கைப்பிடி அளவு எலும்புல பட்டா, சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போவாங்க. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது. நோயாளிக்குக் கொடுக்கற சிகிச்சைக்கு இந்த வருஷ வரம்பு பொருந்தவும் பொருந்தாது. அங்கே கேள்வி "இதனால் அவருக்கு நன்மை அதிகமா" என்பது மட்டும்தான்.

இப்ப 8க்கும் 30க்கும் வருவோம். யாரும் அனுமானத்துல சொல்லலை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்தாங்க. நெதர்லாந்துல 1171 பேர், 1999ல முடிவு வந்தது. ஒரு தடவை 8 கிரேயா, ஆறு தடவையா 24 கிரேயானு பார்த்தா, ரெண்டு பக்கமும் பத்துல ஏழு பேருக்கு வலி குறைஞ்சது. அமெரிக்காவுல 898 பேர், 2005ல. 8க்கும் 30க்கும் வலி குறைஞ்சவங்க விகிதத்துல வித்தியாசம் இல்லை, ரெண்டிலும் மூணுல ரெண்டு பங்கு. ஆனா உடனடி பக்கவிளைவு 8 வாங்கினவங்கள்ல 10 சதவீதம், 30 வாங்கினவங்கள்ல 17 சதவீதம்.

ஏன் இப்படி? கட்டியைக் கொல்றதுல 30 கிரே நிச்சயம் பலமானது. ஆனா எலும்பு வலி கட்டியோட அளவால மட்டும் வர்றதில்லை. எலும்பை அரிக்கற ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், அங்க சுரக்கற வீக்க ரசாயனங்கள், இதெல்லாம் சேர்ந்துதான் நரம்பைச் சீண்டுது. அதுங்களை அடக்க சின்ன டோஸே போதும்போல. சில பேருக்குக் கட்டி சுருங்கவே நேரம் இல்லாத சில நாள்லயே வலி குறையறது அதனாலதான்னு நினைக்கறாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி உங்க அப்பாவுக்குக் கொடுத்த 20 தடவை கட்டியை அழிக்க. இது வலியை எடுக்க. வேலை வேற, அதனால கணக்கும் வேற. கை கழுவறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

---

சந்தேகம்99 | செவ்வாய், காலை 9:41

அதே அமெரிக்க ஆய்வை நானும் புரட்டினேன் சார். ஒரு தடவை வாங்கினவங்கள்ல 18 சதவீதம் பேருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டி வந்திருக்கு. 10 தடவை வாங்கினவங்கள்ல 9 சதவீதம். ரெண்டு மடங்கு. அதை ஏன் விட்டுட்டீங்க?

---

இயற்பியல்_கிறுக்கன் | செவ்வாய், மதியம் 1:12

விட்டது தப்புதான், ஒத்துக்கறேன். அந்த எண் உண்மை. மத்த ஆய்வுகள்லயும் அதே சாயல்தான். ஆனா அதை ரெண்டு விதமா வாசிக்கலாம். ஒரு தடவை கொடுத்தது சீக்கிரம் தேய்ஞ்சு போகுதுனு ஒரு வாசிப்பு. 8 கொடுத்த இடத்துல இன்னொரு 8 கொடுக்க டாக்டர் தயங்க மாட்டார், 30 கொடுத்த இடத்துல தயங்குவார், அதனாலயே எண்ணிக்கை ஏறுதுனு இன்னொரு வாசிப்பு. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கும்னு நான் நினைக்கறேன். 10 தடவை அந்தப் பலகையில ஏத்தி இறக்கறதா, அஞ்சுல ஒருத்தருக்குப் பிறகு இன்னொரு தடவையா? நாற்காலியில தூங்கறவருக்கு நான் முதலாவதைச் சொல்ல மாட்டேன்.

எல்லாருக்கும் ஒரே தடவை போதும்னு சொல்லவும் வரலை. எலும்பு முறியற நிலையில இருந்தா, அறுவை முடிஞ்ச பிறகு கொடுக்கறதா இருந்தா, பல தடவைதான் வழக்கம். முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் அழுந்தற நிலையில 686 பேரை வெச்சு ஒரு ஆய்வு 2019ல வந்தது. 8 வாரத்துல நடக்க முடிஞ்சவங்க ஒரு தடவைக்கு 69.3, அஞ்சு தடவைக்கு 72.7 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனா "சளைச்சதில்லை"னு அடிச்சுச் சொல்ல முன்கூட்டியே போட்டு வெச்ச கோட்டைத் தாண்டலை. அதனால அங்க விவாதம் இன்னும் ஓயலை.

முதுகெலும்புக்கு மட்டும், ரொம்பத் துல்லியமா குறிவெச்சு 24 கிரேயை ரெண்டே தடவையில கொடுத்துப் பார்த்த 2021 ஆய்வும் இருக்கு. மூணு மாசத்துல வலி முழுசாப் போனவங்க 35 சதவீதம், வழக்கமான அஞ்சு தடவையில 14. ஆக, சந்தேகம் சார் சொல்ற மாதிரி டோஸ் ஏறினா பலன் ஏறற இடமும் உண்டு.

---

நெறியாளர் | செவ்வாய், மதியம் 1:30

இந்த இழையை இப்ப வாசிக்கறவங்க வீட்டுல யாருக்காவது எலும்புக்குப் பரவின நோயோட கால் திடீர்னு பலவீனமாச்சு, சிறுநீர் போகலை, உட்காரும் இடம் மரத்துப் போச்சுன்னா இங்க கேள்வி கேட்டுட்டிருக்காதீங்க. அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும், ஆஸ்பத்திரிக்கு. தண்டுவடம் அழுந்தினா மணிக்கணக்குதான் பேச்சு.

---

இரவுப்பணி | செவ்வாய், இரவு 8:55

பீரோவுல இருக்கற மாத்திரையைப் பத்தி யாரும் பேசலையே. வலி நிவாரணப் பிரிவுல நர்ஸா இருக்கேன், அந்தப் பேச்சுதான் எனக்குத் தினசரி வேலை.

தங்கச்சி, அம்மாகிட்ட சண்டை போடாதீங்க. அவங்க பார்த்த மனுஷங்களுக்கெல்லாம் மார்ஃபின் கடைசி வாரத்துலதான் கொடுத்திருப்பாங்க, அதனால கண்ணால பார்த்த கணக்கைச் சொல்றாங்க. மாத்திரை வந்ததால போகலை, போற நேரத்துலதான் மாத்திரை வந்துச்சு.

உலக சுகாதார நிறுவனம் 1986ல மூணு படி ஏணி ஒண்ணு போட்டுச்சு. முதல்ல சாதா மாத்திரை, அப்புறம் கோடீன் மாதிரி மிதமானது, அப்புறம்தான் மார்ஃபின். அந்த ஏணியை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. ஆனா 2016ல வந்த இத்தாலி ஆய்வு ஒண்ணுல, மிதமான புற்றுநோய் வலி இருந்த 240 பேர்ல ஒரு பாதிக்கு நடுப்படியைத் தாண்டி நேரா குறைஞ்ச அளவு மார்ஃபின் கொடுத்தாங்க. வலி நல்லாக் குறைஞ்சவங்க 88 சதவீதம். நடுப்படியில நின்னவங்கள்ல 58. பக்கவிளைவுலயும் பெரிய வித்தியாசம் இல்லை. கோடீனே உடம்புக்குள்ள போய் மார்ஃபினா மாறித்தான் வேலை செய்யுது. சில பேர் கல்லீரல் அதை மாத்தாது, அவங்களுக்கு அது சும்மா விழுங்கற மாத்திரை. இது தெரியாமலே மாசக்கணக்கா அவஸ்தைப்பட்டவங்க உண்டு.

ரெண்டு சங்கதி மட்டும் கவனம். தலைசுத்தல், குமட்டல் ஒரு வாரத்துல பழகிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. மார்ஃபின் ஆரம்பிக்கற அன்னைக்கே மலமிளக்கியும் ஆரம்பிச்சாகணும், எழுதித் தரலைன்னா கேட்டு வாங்குங்க. சிறுநீரகம் பலவீனமா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. மார்ஃபினோட கழிவு தேங்கிப் போய் மயக்கம் ஏறும், அப்படிப்பட்டவங்களுக்கு வேற மருந்து மாத்துவாங்க.

---

தேன்கூடு | செவ்வாய், இரவு 9:30

இரவுப்பணி அக்கா சொன்னதுக்குக் கீழ என்னோட முட்டாள்தனத்தையும் எழுதி வைக்கறேன். என் மாமனாருக்கு முழுங்க முடியலைனு 12 மணி நேரம் வேலை செய்யற மார்ஃபின் மாத்திரையை உலக்கையால தட்டி, தண்ணியில கரைச்சுக் கொடுத்தேன். நல்லதுனு நினைச்சுத்தான். அரை நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்க வேண்டியது மொத்தமா ஒரே அடியா இறங்கிடுச்சு. ஒரு மணி நேரத்துல கூப்பிட்டா கண்ணைத் திறக்கலை. கண்பாவை கடுகு மாதிரி. அவசரப் பிரிவுல மார்ஃபினை முறிக்கற நாலாக்ஸோன் ஊசி போட்டாங்க, எழுந்து "ஏன் எழுப்பினீங்க"னு திட்டினார். அன்னைக்கு நான் அழுத அழுகை!

முழுங்க முடியலைன்னா திரவமா கேளுங்க. நீளமா வேலை செய்யற மாத்திரையை உடைக்காதீங்க, கடிக்கவும் விடாதீங்க.

---

முற்றத்துவெயில் | புதன், காலை 6:10

எல்லாருக்கும் நன்றி. தேன்கூடு அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தப்புப் பண்ணிட்டேன் போல, இப்ப இன்னும் பயந்துட்டாங்க. ஆனா இரவுப்பணி அக்காவோட "போற நேரத்துலதான் மாத்திரை வந்துச்சு" கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசலை. மாத்திரை இப்ப பீரோவுல இல்லை, அலமாரியில இருக்கு. அது முன்னேற்றம்தானே?

அண்ணன் ரேடியம் ஊசி பத்திப் படிச்சுட்டு வந்து நிக்கறான். அப்பா ஏற்கனவே அபிராட்டெரோன் (ஆண் ஹார்மோனைத் தடுக்கற மாத்திரை) சாப்பிடறார். ரெண்டும் தனித்தனியா ஆயுளைக் கூட்டுதுன்னா சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்லதுதானேங்கறான்.

---

இயற்பியல்_கிறுக்கன் | புதன், காலை 10:05

உங்க அண்ணன் யோசிச்சதை அப்படியே உலகமே யோசிச்சது. அதனால இந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ரேடியம்-223 எலும்புல கால்சியம் போற இடத்துக்குப் போய் உட்காரும். அது விடற ஆல்ஃபா துகள் சில செல்களைத் தாண்டிப் போகாது, அதனால பக்கத்துல இருக்கற மஜ்ஜைக்குச் சேதம் குறைவு. 2013ல 921 பேர் ஆய்வு வெளியானது. ஊசி போட்டவங்கள்ல பாதிப் பேர் 14.9 மாசத்துக்கு மேல இருந்தாங்க, போடாதவங்கள்ல பாதிப் பேர் 11.3 மாசத்துக்கு மேல. அபிராட்டெரோனும் ஆயுளைக் கூட்டற மருந்துனு அதுக்கு முன்னாடியே தெரியும். சேர்த்துப் பார்க்கலாம்னு 806 பேரை வெச்சு ஆரம்பிச்சாங்க. யாருக்கு எந்த ஊசினு 2017லயே முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டியதாச்சு. ரெண்டும் சேர்த்து வாங்கினவங்கள்ல எலும்பு முறிஞ்சது 29 சதவீதம் பேருக்கு. அபிராட்டெரோனோட மருந்தில்லாத போலி ஊசி வாங்கினவங்கள்ல 11. ஆயுளும் கூடலை. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2018ல இந்தச் சேர்க்கையே கூடாதுனு தடுத்துடுச்சு.

அதுல கவனிக்க வேண்டியது, எலும்பைப் பலப்படுத்தற மருந்து (சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் மாதிரி) எடுத்துக்கிட்டவங்களுக்கு முறிவு குறைவா இருந்தது. அப்பாவுக்கு அது போடறாங்களானு டாக்டர்கிட்ட கேளுங்க. போடறதா இருந்தா முதல்ல பல் டாக்டரையும் பார்த்துடுங்க, தாடை எலும்புப் பிரச்சினை வரலாம்.

---

ஓய்வுபெற்ற_லீனாக் | புதன், மதியம் 3:48

அப்படியே ஊசி வகையறா கொடுத்தா குழந்தை விஷயம் மாறும்னு சொன்னேன் இல்லையா. ரேடியம் பெரும்பாலும் மலம் வழியாத்தான் வெளியேறும், கழிவறைச் சுத்தம்தான் முக்கியம். லுட்டீசியம்-177னு இன்னொரு கதிரியக்க ஊசி, அது உடம்பைத் தாண்டி வெளியே வர்ற காமா கதிரும் கொஞ்சம் விடும், அரை ஆயுள் (பாதியாக் குறையற நேரம்) 6.6 நாள். அதுக்குச் சில நாள் குழந்தையை மடியில வெச்சுக்க வேண்டாம்பாங்க.

சந்தேகம் தம்பி 20 மில்லிசீவர்ட் பேச்சை எடுத்தது எனக்குப் பழசை ஞாபகப்படுத்திடுச்சு. எங்க மேல படற கதிரை அளக்க பேட்ஜ் ஒண்ணு மாட்டிக்குவோம்; ஒரு தடவை அந்தக் கணக்குல எனக்கு மட்டும் எகிறிப் போய் வந்தது. விளக்கம் கேட்டு கடிதம். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை, வீட்டுக்காரிகிட்ட கூட சொல்லலை. அப்புறம்தான் உறைச்சது. ஒரு வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே அறையில கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன். பேட்ஜ் அதோட பையிலயே. சனிக்கிழமை முழுக்க எடுத்த எக்ஸ்ரேவெல்லாம் அது வாங்கியிருக்கு. வாங்கினது கோட்டு, மாட்டினது நான்!

---

சந்தேகம்99 | புதன், மாலை 6:20

சிரிச்சுட்டேன் ஐயா. ஆனா ஒண்ணு கேக்கணும். போன மாசம் எனக்கு வயித்துல எக்ஸ்ரே எடுத்தாங்க. முன்னெல்லாம் இடுப்புக்கு ஈயத் தகடு போடுவாங்க. கேட்டா, "இப்ப போடறதில்லை"னு ஒரு பையன் சொன்னான். பாதுகாப்பைக் குறைச்சுட்டாங்களா?

---

இயற்பியல்_கிறுக்கன் | புதன், மாலை 7:02

இல்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019ல அந்த வழக்கத்தை விடச் சொல்லுச்சு. மெஷினே உடம்பைத் தாண்டி வர்ற கதிரை அளந்து டோஸைத் தீர்மானிக்குது. தகடு குறுக்கே வந்தா "இருட்டா இருக்கு"னு நினைச்சு டோஸைக் கூட்டும். உடம்புக்குள்ளயே சிதறற கதிரைத் தகடு தடுக்கவும் தடுக்காது. படம் மறைஞ்சா திரும்ப எடுக்கணும், அப்ப ரெண்டு மடங்கு. அந்தப் பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான்.

---

முற்றத்துவெயில் | சனி, இரவு 11:50

வியாழக்கிழமை முடிஞ்சது. லீனாக் ஐயா சொன்னபடி மாத்திரை போட்டு கூட்டிட்டுப் போனோம். (அம்மாதான் எடுத்துக் கொடுத்தாங்க.) பலகையில 15 நிமிஷம் கிடந்தார். ஆனா இன்னைக்கு வலி போன வாரத்தை விட மோசம். 10க்கு 9ங்கறார். அண்ணன் "சொன்னேன்ல"ங்கறான். தப்பாயிடுச்சா?

---

இரவுப்பணி | ஞாயிறு, காலை 12:20

பதறாதீங்க, இதுக்குப் பேரே இருக்கு: வலிப் பொங்கல்னு நாங்க சொல்வோம். ரேடியேஷன் முடிஞ்ச முதல் சில நாள்ல அந்த இடம் வீங்கி வலி தற்காலிகமா ஏறும். மூணுல ஒருத்தருக்கு வருது. 2015ல 298 பேர் ஆய்வுல வீக்கத்தைக் குறைக்கற ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம், அன்னைக்கும் அடுத்த நாலு நாளும் கொடுத்துப் பார்த்தாங்க. வலி ஏறினவங்க 35ல இருந்து 26 சதவீதமாக் குறைஞ்சாங்க. மந்திரம் இல்லை, ஆனா உதவி. காலையிலேயே டாக்டருக்கு ஃபோன் போட்டு இதைக் கேளுங்க. சர்க்கரை இருந்தா சொல்லுங்க, அது ஏறும். காலை வேளையில கொடுக்கச் சொல்வாங்க, ராத்திரி கொடுத்தா தூக்கம் போயிடும். இடையில வர்ற வலிக்குனு எழுதின உடனடி மார்ஃபினை இப்ப கொடுங்க. அதுக்குத்தான் அது. காலு பலவீனம், சிறுநீர் அடைப்பு இல்லையே?

---

முற்றத்துவெயில் | ஞாயிறு, காலை 12:31

இல்லை. கொடுத்துட்டேன்.

---

முற்றத்துவெயில் | 12 நாள் கழித்து, காலை 8:15

முந்தாநாள் இருந்து அப்பா ரொம்பத் தூங்கறார். பேசிட்டிருக்கும்போதே கண்ணு மூடுது. வலி 3ங்கறார். கேட்டா எழுந்து பதில் சொல்றார்.

---

இரவுப்பணி | அதே நாள், காலை 8:22

இப்பவே டாக்டரைக் கூப்பிடுங்க, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி. வலி பெருசா இருந்தப்ப சரியா இருந்த அளவு, வலி இறங்கினதும் அதிகமாயிடும். ரேடியேஷன் வேலை செஞ்சதுக்கு இதுவும் ஒரு அடையாளம். குறைச்சுத் தருவாங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு மெதுவாச்சுன்னா, எழுப்பினா எழலைன்னா ஃபோன் வேண்டாம், நேரா அவசரப் பிரிவு.

---

முற்றத்துவெயில் | அடுத்த வாரம், இரவு 9:05

அளவைப் பாதியாக் குறைச்சாங்க. தெளிவா இருக்கார். தினமும் வலிக் குறிப்பேடு ஒண்ணு எழுதச் சொல்லியிருக்காங்க, அதை அம்மா எடுத்துக்கிட்டாங்க, என்கிட்ட தர மாட்டேங்கறாங்க. இன்னைக்கு எட்டிப் பார்த்தேன். பென்சில்ல இப்படி இருந்தது:

"வெள்ளி. வலி 3. காலை மாத்திரை 1, இரவு 1. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். குழந்தை காலில் ஏறி மிதித்தது, திட்டவில்லை. மலம்: போயாச்சு."